பெயர் ஒன்று, மேதையர் இருவர்

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் குடும்பங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குவதால் 'பெயரன்' என்று வழங்கிய சொல்லே 'பேரன்' என மருவியது என்பர் தமிழறிஞர். இவ்வழக்கின் பயனாக ஒரே தெருவில் நான்கு முஹம்மது இப்ராஹீம்கள் இருப்பதை நாம் காண்கிறோம். தபால்காரர் கடிதத்துடன் வந்து நின்றால், தகப்பனார் பெயர் என்ன, எந்த வீடு, என்ன தொழில் என்று கேட்டறிந்த பின்னரே கொடுப்பார். வீட்டுப் பெயரும் பட்டப் பெயரும் நம் ஊர்களில் தழைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒருவருக்குரிய கடிதம் மற்றொருவர் கைக்குப் போய்விடலாகாது என்பதில் ஊரார் இத்துணைக் கவனம் செலுத்துகின்றனர்.

ஆனால் ஒருவருக்குரிய நூல் மற்றொருவர் பெயருக்குப் போய்விடுவதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கவலைப்படுகிறோம்? ஒருவர் கூறிய கருத்தை மற்றொருவர் தலையில் ஏற்றிவிடுவதைப் பிழையென்று எண்ணவாவது செய்கிறோமா? அண்மைக் காலத்தில் தமிழில் வெளிவரும் சமயச் சிறு நூல்களைப் படிக்கும்போதெல்லாம் இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுகின்றது. அதற்குக் காரணமான ஒரு பெயரை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய விழைகின்றோம். அப்பெயர் 'இப்னு ஹஜர்' என்பதாகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெயரொற்றுமையால் விளையும் மயக்கத்தை நம் முன்னோர் சிறிய செய்தியாகக் கருதவில்லை. அதனைத் தனிக் கலையாகவே வளர்த்தனர். 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்', அதாவது பெயரால் ஒன்றுபட்டு ஆளால் வேறுபட்டோர் என்பது அக்கலையின் பெயர். ஹிஜ்ரி 463-இல் (கி.பி. 1071) மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் இப்பெயரிலேயே ஒரு பெருநூல் யாத்தார்கள். ஹதீஸ் கலையின் வகைகளை அறுபத்தைந்தாகப் பகுத்து விளக்கிய இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களும் இதற்கென ஒரு வகையை ஒதுக்கினார்கள். கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயருடையோர் அறுவரை அன்னார் அதில் காட்டுகிறார்கள். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த பஸராவின் கலீல் அவ்வறுவருள் ஒருவரே. அனஸ் இப்னு மாலிக் என்று ஸஹாபாப் பெருமக்களிலேயே இருவர் உளர். பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அன்ஸாரித் தோழர் (ரலி) ஒருவர். கஅப் கிளையைச் சார்ந்த மற்றொரு தோழர் (ரலி) இன்னொருவர்.

பெயர் ஊரையும் ஒட்டிப் பொருள் மாறும் என்பதற்கு முன்னோர் கூறிய ஒரு செய்தி மிகவும் சுவையானது. தந்தை பெயரின்றி 'அப்துல்லாஹ்' என்று மட்டும் சொன்னால், மக்காவில் அது இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைக் குறிக்கும். மதீனாவில் இப்னு உமர் (ரலி) அவர்களை. கூஃபாவில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை. பஸராவில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை. குராஸானிலோ இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களை. பெயரை உச்சரிப்பவர் எந்த ஊரில் நின்று உச்சரிக்கிறார் என்று தெரிந்தாலன்றி, அவர் எவரைக் கருதினார் என்று சொல்ல இயலாது.

பாட்டனும் பேரனும் ஒரு பெயர் தாங்கிய நிலைக்கு ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரம் சான்று தருகின்றது. அபுல் வலீத் முஹம்மத் இப்னு அஹ்மத் இப்னு ருஷ்து என்ற முழுப் பெயரும் இருவருக்கும் ஒன்றே. இருவரும் மாலிகீ மத்ஹபின் சட்ட மேதைகள். இருவரும் அந்நகரின் காழிப் பதவியை வகித்தோர். பாட்டனார் மறைந்த ஹிஜ்ரி 520-ஆம் ஆண்டிலேயே (கி.பி. 1126) பேரனார் பிறந்தார். ஐரோப்பியர் 'அவெர்ரோஸ்' என்று போற்றுவது பேரனாரை. அரபு நூலாசிரியர்கள் பாட்டனாரை 'அல்ஜத்து' என்றும் பேரனாரை 'அல்ஹஃபீது' என்றும் அடைமொழி தந்து பிரித்தனர். 'பிதாயதுல் முஜ்தஹித்' பேரனாருடையது. 'அல்பயான் வத்தஹ்ஸீல்' பாட்டனாருடையது.

நிற்க. இனி இப்னு ஹஜர்களிடம் வருவோம்.

முதலாமவர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 773-இல் (கி.பி. 1372) கெய்ரோவில் தோன்றி, 852-இல் (கி.பி. 1449) அங்கேயே மறைந்தார்கள். இளம் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து, வணிகப் பெருமகன் ஒருவரின் பொறுப்பில் வளர்ந்தவர்கள். எகிப்தின் ஷாஃபியீ தலைமைக் காழியாகப் பன்முறை அமர்ந்தவர்கள். இரண்டாமவர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 909-இல் எகிப்தில் அபுல் ஹைதம் என்னும் பெயரோடு வழங்கிய ஊரில் பிறந்து, அல்அஸ்ஹரில் பயின்று, 940-இல் மக்காவில் குடியேறி, 974-இல் (கி.பி. 1567) அங்கேயே மறைந்தார்கள்.

இருவரின் இயற்பெயரும் அஹ்மத். இருவரின் சிறப்புப் பெயரும் ஷிஹாபுத்தீன். இருவரும் எகிப்தில் பிறந்தோர். இருவரும் ஷாஃபியீ மத்ஹபினர். இருவரும் எண்ணற்ற நூல்கள் தந்தோர். ஒருவர் தந்தை அலீ, மற்றவர் தந்தை முஹம்மத் என்பதும், ஊரைக் குறிக்கும் கடைசிச் சொல்லும் மட்டுமே பெயரளவில் இவர்களைப் பிரிக்கின்றன. அக்கடைசிச் சொல்லைத்தான் நம் எழுத்தாளர்கள் வசதியாக விட்டுவிடுகின்றனர்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையை ஒப்புக்கொள்வது முறை. பல்லாண்டுகளுக்கு முன்னர் ரமலான் இரவொன்றில், தராவீஹ் தொழுகைக்குப் பின் பெரும்பாவங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 'அஸ்ஸவாஜிர்' என்னும் நூலிலிருந்து ஒரு செய்தியை எடுத்துரைத்து, "ஸஹீஹுல் புகாரிக்கே விரிவுரை கண்ட ஹதீஸ் கடல் இப்னு ஹஜர் அவர்கள் இதனை எழுதியிருக்கும்போது ஐயம் ஏது?" என்று முழங்கினோம். கூட்டம் கலைந்தபின் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "ஹஸ்ரத், அந்தக் கிதாபின் முகப்பில் ஹைதமீ என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றார். எடுத்துப் பார்த்தோம். அவ்வாறே இருந்தது. அந்நூலை நாம் எத்தனையோ முறை புரட்டியவர்கள். பெயரின் முற்பகுதியைக் கண்டதும் கண் நின்றுவிட்டது!

பிழை அவ்வளவோடு முடிந்திருந்தால் நாணத்தோடு போயிருக்கும். ஆனால் அன்று கேட்டிருந்த முதியவர் ஒருவர் அச்செய்தியைத் தம் குறிப்பேட்டில் எழுதி, 'புகாரி விரிவுரையாசிரியர் உறுதிப்படுத்தியது' என்று அடியில் வரைந்து, தம் பேரப்பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வித்துவிட்டார். ஸவாஜிர் அச்சமூட்டித் திருத்தும் நோக்குடைய நூல். வலுவுள்ள அறிவிப்புகளும் வலுக்குன்றியவையும் அதில் கலந்தே வரும். அது நூலுக்கு இழுக்கன்று. ஆனால் அஸ்கலானீ அவர்களின் முத்திரை அதன்மேல் விழுந்துவிட்டால், வலுக்குன்றியதும் வலுவுள்ளதாகிவிடுகிறது. அம்முதியவர் வீட்டு வாயிலேறி, "பெரியவரே, நாம் தவறாகச் சொல்லிவிட்டோம்" என்று கூறிக் குறிப்பேட்டைத் திருத்தச் செய்தபின்னரே நமக்கு மன அமைதி வந்தது. அவர் வருந்தவில்லை. "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்றே கேட்டார். இதற்காகத்தான் வரவேண்டியிருந்தது.

இவ்விரு மேதையரின் நூல்களை ஊன்றிப் பயில்வோர்க்குப் பெயர்ப் பலகை இல்லாமலேயே இவர் வேறு, அவர் வேறு என்பது புலப்படும். அஸ்கலானீ அவர்களின் தலையாய படைப்பு 'ஃபத்ஹுல் பாரீ'. ஹிஜ்ரி 817-இல் தொடங்கி 842-இல் நிறைவு செய்தார்கள். இருபத்தைந்து ஆண்டு உழைப்பு அது. அதன் நடை விரிந்து செல்லும் நடை. ஒரு ஹதீஸ் வந்தால், அது வேறு எங்கெங்கே எவ்வெச் சொற்களில் வந்துள்ளது என்று திரட்டுவார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அதனை இந்தத் தலைப்பின்கீழ் ஏன் வைத்தார்கள் என்று வினவுவார்கள். முன்னோர் விளக்கங்களை வரிசைப்படுத்தி எடைபோடுவார்கள். படிப்பவரை உடன் அழைத்துச் செல்லும் பெருந்தன்மை அந்நடையில் உண்டு.

அந்நூலின் உயிர்நிலை, நாம் எடுத்துக்கொண்ட பொருளோடு நெருங்கிய உறவுடையது. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸையே பாருங்கள். எண்ணத்தைப் பற்றிய அந்த ஹதீஸை அறியாத முஸ்லிம் குடும்பம் இராது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் புகாரீ அவர்களின் ஆசிரியர் ஹுமைதீ. அவருடைய இயற்பெயர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர். ஸஹாபியான இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் பெயரும் அதுவே. அடுத்து 'ஸுஃப்யான்' என்று மட்டும் வருகிறது. ஒரு காலத்தில் வாழ்ந்த இமாம்கள் இருவர் அப்பெயருடையோர்: ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ ஒருவர், ஸுஃப்யான் இப்னு உயைனா மற்றவர். அடுத்து யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரீ. யஹ்யா இப்னு ஸயீத் அல்கத்தான் என்று இன்னொரு பேரறிஞரும் உளர். ஒரே சங்கிலியில் மூன்று இடங்களில் வழுக்கல்! ஹுமைதீ மக்காவினர், மக்காவில் வாழ்ந்த இப்னு உயைனாவின் மாணவர். ஆதலின் இங்கு வரும் ஸுஃப்யான் அவரே என்று தெளிவு பிறக்கிறது. ஆசிரியர் யார், மாணவர் யார், ஊர் எது, காலம் எது என்று வினவுவதே அவ்வழி.

இத்தகைய ஐயங்களை அகற்றுவதற்கென்றே ஃபத்ஹுல் பாரீயின் முன்னுரை நூலாகிய 'ஹத்யுஸ் ஸாரீ'யில் ஒரு பகுதியை அஸ்கலானீ அவர்கள் ஒதுக்கினார்கள். தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ இன்றி ஸஹீஹுல் புகாரியில் வரும் பெயர்கள் யார் யாரைக் குறிக்கும் என்று அதில் காட்டினார்கள். மாணவர்க்கென எழுதிய சிறுநூலாகிய 'நுக்பதுல் ஃபிகர்' இறுதியிலும் பெயரொற்றுமைக் கலையை இலக்கணம் தந்து விளக்கினார்கள். பெயர்களைப் பிரித்தறியக் கற்றுத் தந்த பெருமகனாரின் பெயரையே நாம் பிரித்தறியாது மயங்குவது எத்துணைப் பரிதாபம்!

ஹைதமீ அவர்களின் 'துஹ்ஃபதுல் முஹ்தாஜ்' முற்றும் வேறொரு தன்மையுடையது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் சட்ட நூலுக்கு எழுந்த விரிவுரை அது. மூலத்தின் சொற்களுக்கிடையே தம் சொற்களை இழைத்து, இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியமாக ஓடும்படி நெய்திருக்கிறார்கள். ஒரு சொல் ஒரு நிபந்தனையைச் சுட்டும். ஒரு சுட்டுப்பெயர் முன்சென்ற கருத்து வேறுபாடொன்றை நினைவூட்டும். அரை வரியில் ஒரு மறுப்பு அடங்கிவிடும். அஸ்கலானீ அவர்கள் விரித்துக் காட்டுவார்கள். ஹைதமீ அவர்கள் இறுக்கிக் கட்டுவார்கள். ஆகவேதான் துஹ்ஃபாவைத் தனியே படிப்போர் அரியர்; ஷர்வானீ, அப்பாதீ ஆகியோரின் ஹாஷியாக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓதுவது வழக்கமாயிற்று. இறுக்கம் குறையென்று சிலர் கருதலாம். நம் கருத்து அதுவன்று. மக்காவில் அமர்ந்து, யமன் முதலிய நாடுகளிலிருந்து வந்த வினாக்களுக்கெல்லாம் விடை எழுதிய முஃப்தியின் நடை அது. தீர்ப்புரைப்பவர்க்கு ஒரு சொல் மிகுந்தாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

இவ்வேறுபாடு நடையோடு நில்லாது அதிகாரத்தையும் தொடுகின்றது. ஒரு ஹதீஸ் வலுவுடையதா என்ற வினாவில் அஸ்கலானீ அவர்களின் சொல்லுக்குத் தனி எடை உண்டு. ஷாஃபியீ மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய கருத்து எது என்ற வினாவில் பிற்காலத்தார் நம்புவது ஹைதமீ அவர்களின் துஹ்ஃபாவையும், ஹிஜ்ரி 1004-இல் மறைந்த ஷம்ஸுத்தீன் ரம்லீ (ரஹ்) அவர்களின் 'நிஹாயா'வையும் ஆகும். (ரம்லீ என்றும் தந்தையும் மகனுமாக இருவர் உளர் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.) 'இப்னு ஹஜர் கூறினார்' என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் எந்தத் தராசில் நிறுப்பார்?

"அரபு நூல்களிலும் வெறுமனே இப்னு ஹஜர் என்றுதானே வருகிறது?" என்று சிலர் கேட்கலாம். வருகிறது, உண்மையே. ஆனால் அந்நூல்கள் அந்தந்தக் கலையின் எல்லைக்குள் நிற்பவை. பிற்கால ஷாஃபியீ ஃபிக்ஹு நூலில் அச்சொல் ஹைதமீ அவர்களையும், ஹதீஸ் நூலில் அஸ்கலானீ அவர்களையும் குறிக்கும் என்பது ஓதுவோர் அறிந்த மரபு. 'ஷைகைன்' என்ற சொல்லும் இவ்வாறே. ஸஹாபாக்கள் வரலாற்றில் அபூபக்ர், உமர் (ரலி) இருவரையும், ஹதீஸில் புகாரீ, முஸ்லிம் இருவரையும், ஷாஃபியீ ஃபிக்ஹில் ராஃபியீ, நவவீ இருவரையும், ஹனஃபீ ஃபிக்ஹில் அபூஹனீஃபா, அபூயூஸுஃப் இருவரையும் அது குறிக்கின்றது. மத்ரஸாவில் ஏழாண்டு ஓதியவர்க்கு இது தடையன்று. நம் தமிழ்ச் சிறு நூலோ ஹதீஸ், ஃபிக்ஹு, வரலாறு அனைத்தையும் ஒரே பக்கத்தில் கலந்து தருகின்றது. அதைப் படிப்போர் வீட்டுத் தாய்மாரும் பள்ளிப் பிள்ளைகளும். அரபு நூலின் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சுருக்கத்துக்குத் துணையாக நின்ற மரபை விட்டுவிடுவது நேர்மையாகாது.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அஸ்கலானீ அவர்களின் ஆசிரியருள் ஒருவர் நூருத்தீன் ஹைஸமீ (ரஹ்) அவர்கள். 'மஜ்மவுஸ் ஸவாஇத்' என்ற ஹதீஸ் தொகுப்பின் ஆசிரியர். ஹிஜ்ரி 807-இல் மறைந்தவர். அன்னார் பெயரில் வரும் அரபெழுத்து மூன்று புள்ளியுடைய 'ஸா'. மக்காவின் ஹைதமீ பெயரில் வருவது இரண்டு புள்ளியுடைய 'தா'. ஒரு புள்ளியே வேற்றுமை. 'ஹதீஸ்', 'உஸ்மான்' என்று எழுதும் நம் பழைய முறைப்படி எழுதினால் 'ஹைஸமீ', 'ஹைதமீ' எனத் தமிழிலும் தெளிவாகப் பிரியும். ஆங்கில நூல்களின் வழியே பெயரை இறக்குமதி செய்வோர் இருவரையுமே 'ஹைதமீ' ஆக்கிவிடுகின்றனர். ஆசிரியரின் ஹதீஸ் தொகுப்பு, அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிறந்தவர் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

தமிழ்ப் புலவர் வரலாற்றிலும் இம்மயக்கம் நெடுநாள் இருந்தது. அதியமானைப் பாடிய சங்க கால ஒளவையாரும், ஆத்திசூடி தந்த பிற்கால ஒளவையாரும் ஒருவரே என்று கதை வழங்கிற்று. சொல்லும் யாப்பும் காலமும் ஆராய்ந்து அறிஞர் பிரித்தனர். அதனால் எந்த ஒளவையாருக்கும் புகழ் குறையவில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் காலத்தில் வைத்துச் சுவைக்க வழி பிறந்தது. தமிழுக்குச் செய்த அத்தொண்டைத் தீனுடைய அறிவுக்கும் செய்யத் தயங்குவானேன்?

இனி இப்பிரிப்பினால் கிட்டும் பெரும் பயன் ஒன்றைச் சொல்லி முடிப்போம். அஸ்கலானீ அவர்களிடம் இளமையில் பயின்றவர் ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரீ (ரஹ்) அவர்கள். நீண்ட ஆயுள் பெற்று ஹிஜ்ரி 926-இல் மறைந்த அன்னாரிடம் முதுமையில் பயின்ற இளைஞர்களுள் ஒருவர் ஹைதமீ அவர்கள். மக்காவில் ஹைதமீ அவர்களிடம் பயின்றவர் மலபார் பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள். அன்னார் எழுதிய 'ஃபத்ஹுல் முயீன்' நம் தமிழகத்து ஷாஃபியீ மத்ரஸாக்களில் ஓதப்பட்டுவரும் நூல். அதில் 'ஷைகுனா', நம் ஆசிரியர், என்று வருமிடங்களில் குறிக்கப்படுபவர் ஹைதமீ அவர்களே. அந்த மக்தூமுடைய பாட்டனார் பெயரும் ஸைனுத்தீன் மக்தூம்! 'ஹிதாயதுல் அத்கியா' பாட்டனாருடையது. ஃபத்ஹுல் முயீனும் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீ'னும் பேரனாருடையவை.

இரண்டு இப்னு ஹஜர்களையும் ஒருவராக்கிவிட்டால் இச்சங்கிலி அறுந்து போகிறது. இருவராகக் காணும்போதே, கெய்ரோவின் அறிவு ஸகரிய்யா அவர்களின் கை வழியாக மக்காவுக்கும், மக்காவிலிருந்து பொன்னானிக்கும், பின்னர் நம் மத்ரஸாத் திண்ணைக்கும் வந்து சேர்ந்த வழி தெரிகின்றது.

ஆகவே எழுத்தாளப் பெருமக்களை நாம் வேண்டுவது மூன்று: பெயரோடு ஊர்ப் பெயரை எழுதுக, மறைந்த ஆண்டைக் குறிக்க, எந்த நூலில் கூறினார் என்பதைச் சொல்க. ஒரு வரிக்குமேல் இடம் பிடிக்காது. படிக்கும் குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 'இப்னு ஹஜர் கூறினார்' என்று எங்கேனும் கண்டால், வாயிலில் வந்து நிற்கும் தபால்காரர் கேட்பதுபோல், 'எந்த இப்னு ஹஜர்?' என்று தயங்காது கேளுங்கள். ஒரு மாணவர் அவ்வாறு கேட்டதனால்தான் நாம் திருந்தினோம். உரியதை உரியவரிடம் ஒப்படைக்கும் அமானிதத்தில் வல்ல நாயன் நம் அனைவரையும் நிலைபெறச் செய்வானாக.